கயிற்றை விடச் சொன்னவன்

கலியனுக்குக் கோபம் வந்தால் அது வாய்க்கு வராது, நேரே கைக்குத்தான் போகும். கியாசுதீனின் தாடை உடைந்தது அப்படித்தான். ஆடி வெள்ளிக்கு முந்தின வாரம், லேத்துப் பட்டறை வாசலில், தெருவே கூடி நிற்கும்போது ஒரே குத்து. மேலுதடு கிழிந்தது, முன்பற்கள் மண்ணில் விழுந்தன, கீழ்த்தாடை ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. இத்தனை வருஷச் சிநேகிதனை அடித்துவிட்டோமே என்று கலியன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தான்.

ஏன் அடித்தான் என்றால், கியாசுதீன் உண்மையைச் சொன்னான். உண்மை சொன்னவனை அடிக்கிற ஊர் எது என்று என்னிடம் கேட்காதீர்கள். எந்த ஊரில் அடிக்கவில்லை?

காஞ்சிபுரத்தில் கலியனுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே டிராம் கலியன், முதுகுக்குப் பின்னால் அடியாள் கலியன். முதல் பெயர் பட்டணத்தில் சம்பாதித்தது. அங்கே டிராம் ஓடிய காலத்தில் அவன் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, வண்டியின் கூரைமேல் இருக்கும் கோலை மேய்ப்பது. அந்தக் கோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இந்தக் கதையே அதன் நுனியில்தான் தொங்குகிறது.

நீளமான இரும்புக் கோல். நுனியில் பித்தளைச் சக்கரம். சக்கரத்தைச் சுற்றி ஒரு பள்ளம். தெருவுக்கு மேலே போகும் மின்கம்பி அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். வண்டி ஓட ஓடச் சக்கரம் கம்பியின் அடியில் உருண்டு மின்சாரத்தை வாங்கிக் கீழே இறக்கும். கோலின் அடியில் தடித்த ஸ்பிரிங் ஒன்று, எந்நேரமும் கோலை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கோலை இறக்க வேண்டுமானால் நுனியில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். ஆகவே, கயிறு கையில் இருந்தால் மின்சாரம் இல்லை. கயிற்றை விட்டால் மின்சாரம் வந்துவிடும். நமக்கெல்லாம் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். டிராம்காரனுக்கு அது தலைகீழ்.

டிப்போவில் இதற்கு இரண்டே சொல். கோலைக் கம்பியில் ஏற்றுவதற்கு ‘உடு’. இறக்குவதற்கு ‘புடி’. ஃபிட்டராக இருந்த கியாசுதீன் கீழே நின்று கம்பியைப் பார்த்துச் சொல்வான், கலியன் கயிற்றோடு செய்வான். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் காஞ்சிபுரம், தங்கியது ஒரே அறை. ஒரு தடவை கயிறு நழுவி, சீறி எழுந்த கோல் கலியனின் புருவத்தைப் பிளந்துவிட்டது. ரத்தம் வழிய வழிய அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் கியாசுதீன்தான்.

டிராம் நின்றது. இருவரும் ஊர் திரும்பினார்கள். கியாசுதீன் சந்தைப்பேட்டைப் பக்கம் லேத்துப் பட்டறை வைத்தான். பழைய இரும்போடு இரும்பாக ஏலத்துக்கு வந்த அந்த மாதிரி ஒரு டிராம் கோலை ஸ்பிரிங்கும் சக்கரமுமாகத் தூக்கிவந்து, உருக்க மனம் வராமல் பட்டறைச் சுவரில் சாத்தி வைத்தான். கலியனுக்கு வேறு வேலை தெரியாது. பட்டு முதலாளி மாணிக்கவாசகம் அவனுடைய உடம்பைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்.

என்ன வேலை? முதலாளியின் நூலை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் புடவை நெய்கிறவன் எவனாவது இருந்தால், கலியன் அவன் வீட்டுக்குள் போவான். தறியில் இழுத்துக் கட்டியிருக்கும் பாவை, ஆயிரமாயிரம் பட்டு இழைகளை, அரிவாளால் குறுக்கே ஒரு வீச்சு. அந்தச் சத்தம் கேட்டால் நெசவாளி வீட்டுப் பெண்கள் சாவு விழுந்தது மாதிரி அலறுவார்கள். எதிர்த்து வந்தவனுக்கு விரல் போகும். விரல் போனவன் தறியில் உட்கார முடியாது. இந்தப் பிழைப்பைப் பத்து வருஷம் செய்தான் கலியன். ராத்திரி தூக்கம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் சொல்லப்படும் அந்த இரண்டாவது பெயர் மட்டும் அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்துத் தெரு அம்மனுக்குப் போன வருஷம் ஜெனரேட்டர் வைத்து ட்யூப் லைட் சப்பரம் விட்டிருந்தார்கள். மாணிக்கவாசகத்துக்கு வயிறு எரிந்தது. இந்த வருஷம் நம் தெரு மாரியம்மனுக்கு அதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். கலியன் வாய் திறந்து யோசனை சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

"ஜெனரேட்டர் இன்னாத்துக்கு மொதலாளி? மேல கம்பி போயிக்கினு இருக்குது. என் கோல மாட்டுனா, சப்பரம் போவப் போவ டிராம் மாதிரி தானா எரியும்."

முதலாளிக்குப் பிடித்துப்போயிற்று. சாமி வரும்போது தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிடுவது வழக்கம். இந்தத் தடவை நிறுத்தாமல் இருக்க அவர் எங்கேயோ யாரிடமோ பேசிவிட்டார். பழைய லாரி ஒன்றின் இரும்புச் சட்டத்தின்மேல் சப்பரம் எழும்பியது. கோல் பட்டறைச் சுவரைவிட்டு இறங்கியது. கலியன் அந்தப் பித்தளைச் சக்கரத்துக்குப் புளி போட்டுத் தேய்த்தான். தேய்க்கும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவன் பெண்டாட்டி தேவகியே அசந்துபோனாள். இது மட்டும் எரிந்துவிட்டால், அவன் இனி அடியாள் கலியன் இல்லை, டிராம் கலியன். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். மனுஷனுக்கு இது பெரிய ஆசையா? இல்லை. அதனால்தான் அவன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

சோதனை பார்த்த அன்று பட்டறை வாசலில் கூட்டம். கலியன் சப்பரத்தின் பின்தட்டில் ஏறி, கயிற்றை விட்டான். கோல் எழுந்து கம்பியில் உட்கார்ந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"தண்டவாளம் எங்கடா?" என்றான் கியாசுதீன்.

"இன்னா தண்டவாளம்?"

"டிராம்ல மேல வாங்குன கரெண்ட்டு சக்கரத்து வழியா தண்டவாளத்துல எறங்கித் திரும்பிப் போயிடும். இங்க ரப்பர் டயரு. வந்தது போறதுக்கு வழி இல்ல. போற வழி இல்லன்னா அது இன்னாத்துக்கு வரும்?"

காலமெல்லாம் டிராமில் மேலேயே பார்த்துப் பழகியவன் கலியன். காலுக்குக் கீழே தண்டவாளமும் பாதி வேலை செய்தது என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை. சிரிப்புச் சத்தம் காதில் விழ விழ, ஒரு கிணற்றுச் சங்கிலியை இழுத்துவந்து லாரிச் சட்டத்தின் பின்னால் கட்டி, மறுமுனையைத் தரையில் போட்டான். விளக்குகள் பழுத்த சிவப்பாக முனகின. தரையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினான். பளீரென்று எரிந்தன. கூட்டம் ஓவென்று கத்தியது. அந்த நேரம் பார்த்துத் தெருநாய் ஒன்று வந்து ஈரச் சங்கிலியை முகர்ந்தது. ஒரு துள்ளல்தான். விறைத்துக்கொண்டு விழுந்த நாயின் வாயிலிருந்து நுரை வந்தது. கலியன் அவசரமாகக் கயிற்றை இழுத்துக் கோலை இறக்கினான்.

"பின்னாடி சங்கிலிகிட்ட எவனும் போவக் கூடாது, அவ்ளோதானே" என்றார் மாணிக்கவாசகம்.

"பின்னாடி மட்டும் இல்ல மொதலாளி. இரும்புச் சட்டம் பூராவும் கரெண்ட்டு நிக்குது" என்றான் கியாசுதீன். "வடத்துக்குப் பதிலா இரும்புச் சங்கிலி போடறதா நீங்க வேண்டிக்கினு இருக்கீங்களாமே. அத மாட்டிட்டு இழுத்தா, இழுக்கறவன் கையில கரெண்ட்டு. காலுல மஞ்சத்தண்ணி வேற. வரிசையா உழுவானுங்க. வேணாம். எனக்குக் கொஞ்ச நாள் டைம் குடுங்க, இன்னொரு கோல் செஞ்சு தர்றேன். ஒரு கோலு கரெண்ட்ட வாங்கறதுக்கு, இன்னொரு கோலு திருப்பிக் குடுக்கறதுக்கு."

வடம் இழுப்பவர்கள் காலில் வீட்டுக்கு வீடு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது அந்தத் தெருவின் பழக்கம். ஆகவே அவன் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. புரிந்ததால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மாணிக்கவாசகம் மட்டும் கலியன் பக்கம் திரும்பினார்.

"இன்னா கலியா, உன் கோலு ஆத்தாவுக்கா, எமனுக்கா? பேசாம ஜெனரேட்டருக்கே சொல்லி உட்டுடலாமா?"

அவ்வளவுதான். கோபம் வாய்க்கு வரவில்லை.

கியாசுதீனின் கிழிந்த உதட்டுக்கு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தையல் இழுத்ததில் மேலுதடு தூக்கிக்கொண்டது. தாடை சரிந்ததில் கீழுதடு தொங்கிப்போயிற்று. இரண்டும் ஒட்டவில்லை. பெண்டாட்டி இறந்துபோன மனுஷன். பிள்ளைகுட்டி கிடையாது. தேவகி தினமும் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போய், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையால் ஊற்றிவிட்டு வந்தாள். கஞ்சி போதும் என்று சொல்ல அவன் "ஓதும், ஓதும்" என்பான். அவளுக்கு விளங்காமல் மேலும் ஊற்றுவாள், அது மூக்கில் ஏறும். பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு விரலால் உதடுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு "போதும்மா" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தையல் விண்டு அவனுக்கு ரத்தம் வந்தது.

வீட்டுக்கு வந்து தேவகி புருஷனிடம் சண்டை பிடித்தாள். "அந்த மனுசன் பேச்சே போயிடுச்சுயா. போய் ஒரு தடவ பாரு."

"வாய மூடு."

"உன் கை ஒரு நாளு நம்ம ஊட்டுக்குள்ளயே பூந்து அடிக்கும், பாத்துக்கினே இரு."

கலியன் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ஆனால் அந்த நாய் துள்ளியது அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை. வடத்தின் தலைப்பில் நிற்கப்போகிறவன் அவன் தம்பி ராமலிங்கம். அம்மா செத்த பிறகு கலியன் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, தேவகி சோறு ஊட்டிய பிள்ளை. இப்போது தறி போட்டுத் தனியாக நிற்கிறான், தெருவிலேயே பலசாலி. கலியன் முதலாளியிடம் போய், தேங்காய்நார் வடம்தான், இரும்புச் சங்கிலி கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னான். "சரிப்பா, நாரே போடு" என்றார் அவர். கலியன் நம்பினான்.

திருவிழா அன்று காலையில் தன் ஆட்களைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னான். "கியாசு வந்து எதனா தகராறு பண்ணுவான். அவன அடிக்காதீங்கடா. கைய மட்டும் ரெண்டு பக்கமும் புடிச்சிக்கோங்க."

அடிக்காதே என்று கலியன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அதை அவன் பெரிய தருமமாக நினைத்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் சப்பரம் கிளம்பியது. முன்னால் பம்பை, உடுக்கை. நார் வடத்தைப் பிடித்து ஆண்கள் இழுத்தார்கள், ராமலிங்கம் தலைப்பில். பின்தட்டில் மரப்பலகைமேல் கலியன், கயிறு மணிக்கட்டில். அவனுக்குப் பின்னால் ஈரத் தரையில் கிணற்றுச் சங்கிலி இழுபட்டு வந்தது. தெருக் கம்பி ஒவ்வொரு கம்பத்திலும் இரும்புக் கையில் உட்கார்ந்திருந்ததால் சக்கரம் அதைத் தாண்டாது. கம்பம் வந்தால் இழுத்து இறக்குவான், தாண்டியதும் விடுவான். கோல் எழும்பும், சக்கரம் பொறி கக்கிக்கொண்டு கம்பியைக் கவ்வும், அம்மன் முகம் திடீரென்று சிவப்பும் பச்சையுமாக ஒளி வீசும். பெண்கள் குலவையிட்டார்கள். ஆசையில் சட்டத்தைத் தொட வந்தவர்களின் கையை ஆட்கள் கம்பால் அடித்து விரட்டினார்கள். ஒரு கிழவரின் விரல் பிளந்து ரத்தம் சொட்டியது. யார் கவனித்தார்கள்? "டிராம் கலியன்டா, டிராம் கலியன்" என்று தெரு முழுக்க ஒரே பேச்சு. பத்து வருஷமாகக் கேட்கக் காத்திருந்த காது அதைக் கேட்டது. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாணிக்கவாசகத்தின் வீட்டு வாசலில், கம்பத்தை ஒட்டிச் சப்பரம் நின்றது. கோலை இறக்கிக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான் கலியன். விளக்குகள் அணைந்திருந்தன. முன்பக்கத்தைப் பூ வளைவு மறைத்தது. அப்போது அந்த வளைவுக்கு அப்பாலிருந்து இரும்பு கிலுங்குகிற சத்தம் வந்தது.

"இன்னாடா சத்தம்?" என்றான் கீழே நின்றவனிடம்.

"மொதலாளி வேண்டுதல்ணே. வடத்தக் கயட்டிட்டுச் சங்கிலி மாட்றாங்க."

முதலாளி பொய் சொல்லிவிட்டார் என்று கலியனின் புத்தி சொன்னது. முதலாளி விசாரித்துத்தான் செய்திருப்பார், சங்கிலிக்கு நடுவே மரக்கட்டை ஏதாவது வைத்திருப்பார் என்று ஆசை சொன்னது. எட்டிப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் கூட்டத்தில் கியாசுதீன் தெரிந்தான். தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. சப்பரத்தின் முன்மூலையில், சங்கிலியும் தெரிகிற, கலியனும் தெரிகிற இடத்தில் நின்றான். ஆளுக்கொரு பக்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அவன் திமிறிக்கொண்டிருந்தான்.

கலியனுக்கு உயிர் வந்தது. இவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், இவனுக்குத் தெரியும். ஆபத்து என்றால் புடி என்பான். சரி என்றால் உடு என்பான். அந்தக் காலத்தில் டிப்போவில் கேட்பது மாதிரியே முகவாயைத் தூக்கிக் கேட்டான். என்ன, ஏற்றவா?

கியாசுதீன் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான். பம்பைச் சத்தத்தின் மேலாக அது வந்து கலியன் காதில் விழுந்தது.

"உடி... உடி..."

உடு என்கிறான். அடித்தவனை மன்னித்து, பழையபடி கீழே நின்று வேலை சொல்கிறான். கலியன் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அன்றைக்குப் பட்டறை வாசலில் சிநேகிதன் பேச்சைக் கேட்காதவன் இன்றைக்குக் கேட்டான். கயிற்றை விட்டான்.

கோல் எழுந்தது. விளக்குகள் பளீரென்று எரிந்தன, குலவை கிளம்பியது. கிளம்பிய குலவை பாதியிலேயே அறுந்தது. பிறகு கேட்டது மனிதக் குரல் மாதிரியே இல்லை. சங்கிலியைப் பிடித்திருந்த கைகள் இறுகிக்கொண்டன. விட வேண்டும் என்று தவித்தும் அவர்களால் விட முடியவில்லை. பின்வரிசையில் சிலர் தூக்கி எறியப்பட்டு மஞ்சள் தண்ணீரில் விழுந்தார்கள். முன்வரிசை அப்படியே நின்று வெட்டி வெட்டி இழுத்தது. ராமலிங்கத்தின் கழுத்து பின்னால் வளைந்துவிட்டது. தோல் கருகும் நாற்றம் பின்தட்டு வரைக்கும் வந்தது.

கலியன் கயிற்றுக்குத் தாவினான். கயிறு கையில் இருப்பதைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள். அவன் பிடித்திருப்பதால்தான் மின்சாரம் வருகிறது என்று நினைத்தார்கள். வேறு எப்படி நினைப்பார்கள்?

"கயித்த உடுடா! உடுடா டேய்!"

அவனுடைய ஆட்களே கம்பால் அவன் கையில் அடித்தார்கள். விரல் முறிந்தது, கயிறு நழுவியது, பாதி இறங்கிய கோல் சீறிக்கொண்டு திரும்பவும் கம்பியில் போய் ஒட்டியது. மறுபடி பிடித்தான். மண்டையில் ஒரு அடி, முழங்கையில் ஒரு அடி, கண்ணில் ரத்தம். அவன் யாரையும் திருப்பி அடிக்கவில்லை. கை இரண்டும் உதவாமல் போனதும் கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, சட்டத்தில் உடம்பு படாமல் பின்பக்கமாக எட்டிக் குதித்தான். அவன் கனத்தோடு கோல் முறிந்து கீழே வந்தது. தெரு இருண்டது.

ராமலிங்கம் செத்துப்போயிருந்தான். அவனோடு இன்னும் சிலரும். தேவகி கொழுந்தனின் கருகிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை அவளுக்கு. கலியன் தவழ்ந்து வந்து பார்த்தான். பார்த்துவிட்டு எழுந்தான். எழுந்தவனுக்குப் புருவம், வாய், நெஞ்சு எல்லாம் ஒரே ரத்தம்.

"அவன்தான்" என்றான். "அவன்தான் உடுன்னான்."

கூட்டம் கியாசுதீன் பக்கம் திரும்பியது. கையைப் பிடித்திருந்தவர்கள் இன்னும் இறுக்கினார்கள். மாணிக்கவாசகம் எங்கிருந்தோ முன்னால் வந்தார். மேல்துண்டு கழுத்தில் இல்லை, குரல் மட்டும் இருந்தது.

"அன்னிக்கு நீ அடிச்சதுக்கு இன்னிக்குப் பழி தீத்துட்டாம்பா. உன் தம்பிய முழுங்கிட்டான். இன்னா பாத்துக்கினு நிக்கிறே? அடி."

கலியன் அடித்தான். முறிந்த விரல்களை மடக்க முடியாமல் முன்கையால் அடித்தான். அதே தாடை. தையல் முழுக்கப் பிரிந்தது. கியாசுதீன் தலை தொங்கியது, திரும்ப நிமிர்ந்தது. "உடி" என்றான். உயிர்ப்பிச்சை கேட்கிறான், என்னை விடு என்கிறான் என்று எல்லோருக்கும் கேட்டது. கலியன் மறுபடி அடித்தான். "உடி" என்றான் அவன், அழுதுகொண்டே. அவன் பார்வை கலியன்மேல் இல்லை. கீழே கிடக்கிற ராமலிங்கத்தின்மேல் இருந்தது.

கலியன் மூன்றாவதாகக் கையை ஓங்கியபோது தேவகி நடுவில் வந்து நின்றாள்.

"அவரு கைய உடச் சொல்லு."

"தள்ளிப் போடி."

"கைய உடச் சொல்லுயா. கைய உட்டாத்தான் அவரால பேச முடியும். தெனம் கஞ்சி ஊத்தறவ சொல்றேன், கேளு."

அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அவனை நிறுத்தியது. பிடித்திருந்தவர்களைப் பார்த்து, "உடுங்கடா" என்றான். மாணிக்கவாசகம் வேண்டாம் என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

கைகள் விடுபட்டதும் கியாசுதீன் ஓடவில்லை. அடியைத் தடுக்கவும் கையைத் தூக்கவில்லை. இரண்டு விரலை வாய்க்குக் கொண்டுபோனான். தொங்கிய கீழுதட்டை மேலே தூக்கி, கிழிந்த மேலுதட்டோடு சேர்த்து அழுத்தினான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு, கலியனை நேராகப் பார்த்துச் சொன்னான்.

"புடி."

பிறகு விரலை எடுத்துவிட்டு அதையே சொன்னான்.

"உடி."

தெரு முழுவதும் கேட்டுக்கொண்டு நின்றது. யாருக்கும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிநேகிதன் கடைசிவரை புடி, புடி என்றுதான் கத்தியிருக்கிறான். அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் போன வாரமே கலியன் உடைத்துப் போட்டிருந்தான். அதைக் கூட்டிச் சேர்க்க இருந்த இரண்டு விரலையும் இன்று காலை அவனே ஆள் வைத்துப் பிடித்துவைத்தான்.

கலியன் ஓங்கிய கையை இறக்கினான். எதிரே நின்ற கியாசுதீனின் சட்டையைப் பற்றப் பார்த்தான், முறிந்த விரல்கள் பற்றவில்லை. மஞ்சள் தண்ணீர் தேங்கிய மண்ணில், தம்பியின் காலடியில் முகம் குப்புற விழுந்தான். கியாசுதீனின் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. அவன் பிடிக்கவில்லை.